கணினியில் பாட்டு: ஃப்ளாக்கா, வேவா, ஏலாக்கா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சிடியின் தரம் குறையாமல் கணினியில் பாட்டுகளைச் சேர்த்து வைப்பது பற்றி வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். வேவ், ஃப்ளாக், ஏலாக் மூன்றும் ஒலிக்கோப்பு வகைகள்: வேவ் சுருக்காமல் வைப்பது, மற்ற இரண்டும் சுருக்கி வைப்பவை.

கேள்வி: வேவ் கோப்பாகக் கேட்டால் குரல் திறந்து ஒலிக்கிறது, அதையே ஃப்ளாக் ஆக்கினால் கொஞ்சம் மங்கிவிடுகிறது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். அளவைப் பாதியாகச் சுருக்கினால் ஏதாவது போகத்தானே செய்யும்? (வாசகர், திருச்சி)

எதுவும் போகாது. எம்பி3, ஏஏசி போன்ற வகைகள்தான் காதுக்கு எட்டாது என்று கணித்த பகுதியை வீசிவிடுகின்றன. ஃப்ளாக் செய்வது வேறு வேலை. ஒலியைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும். சிடி தரத்தில் வழக்கமாக ஒரு துண்டுக்கு 4096 மாதிரிகள் (ஒரு கணத்தின் ஒலியை அளந்து எழுதிய எண்தான் ஒரு மாதிரி). முந்தைய சில மாதிரிகளை வைத்து அடுத்தது என்ன எண்ணாக இருக்கும் என்று ஊகிக்கும். ஊகத்துக்கும் உண்மையான எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கும். ஊகம் நன்றாக இருந்தால் வித்தியாசம் சிறிய எண், அதை எழுதக் கொஞ்சம் இடம் போதும். பாட வைக்கும்போது அதே ஊகத்தைப் போட்டு வித்தியாசத்தைக் கூட்டினால் பழைய எண் ஒரு பிட் பிசகாமல் திரும்பிவிடும்.

நம்பச் சொல்லவில்லை, நீங்களே பார்த்துவிடலாம். விண்டோஸில் ஃபூபார்2000 என்ற பிளேயரை இறக்கிக்கொள்ளுங்கள். அதற்கு பைனரி கம்பேரேட்டர் என்ற ப்ளக்-இன் (கூடுதல் இணைப்பு நிரல்) உண்டு. வேவ், ஃப்ளாக் இரண்டையும் பட்டியலில் சேர்த்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் யூட்டிலிட்டீஸ் என்பதன் கீழ் பிட்-கம்பேர் என்று கொடுங்கள். ஒவ்வொரு மாதிரியாக ஒப்பிட்டு, வித்தியாசம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடும்.

அப்படியானால் நண்பருக்குக் கேட்கும் வித்தியாசம்? பெரும்பாலும் ஒலியளவுதான் காரணம். ஃப்ளாக் கோப்பில் ரீப்ளேகெய்ன் என்ற டேக் (கோப்புக்குள் பாட்டோடு எழுதி வைக்கும் தகவல்) இருந்தால் பிளேயர் அதைப் படித்துச் சத்தத்தைச் சில டெசிபெல் குறைக்கும். டேக் இல்லாத வேவ் முழுச் சத்தத்தில் ஓடும். ஒரு டெசிபெல் கூடினாலே காதுக்கு அது "தெளிவு" என்றுதான் படும், சத்தம் என்று படாது. செட்டிங்ஸில் ரீப்ளேகெய்னை அணைத்துவிட்டு மறுபடி கேட்கச் சொல்லுங்கள். அப்போதும் வித்தியாசம் தெரிகிறது என்றால் ஏபிஎக்ஸ் என்ற மற்றொரு ப்ளக்-இன்னில், எது எது என்று தெரியாமல் 16 சுற்று கேட்கட்டும். 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் கவனிக்க வேண்டிய விஷயம். வெறும் குருட்டு ஊகத்தில் அத்தனை சரியாவதற்கு நூற்றில் நான்கு வாய்ப்புதான் உண்டு.

கேள்வி: வீட்டில் சுமார் 600 சிடிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற நினைக்கிறேன். எந்த வகை, எவ்வளவு இடம்? ஃப்ளாக்கில் 0 முதல் 8 வரை நிலைகள் காட்டுகிறது, 8 தான் தரமானதா? (வாசகி, கோயம்புத்தூர்)

ஃப்ளாக். தயங்கவே வேண்டாம்.

கணக்கைப் பார்ப்போம். சிடியில் விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். நிமிடத்துக்கு 10.6 மெகாபைட் ஆகிறது. ஒரு சிடிக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் வேவ் கோப்பாக 635 மெகாபைட். 600 சிடிக்கு 380 ஜிபி. ஃப்ளாக் இதைப் பெரும்பாலும் 50 முதல் 65 சதவீதத்துக்குள் கொண்டுவரும். 250 ஜிபி ஒதுக்கினால் தாராளம். ஒரே அளவுள்ள ஹார்ட் டிஸ்க் இரண்டாக வாங்குங்கள், இரண்டாவதில் முழுப் பிரதி. 600 சிடியை மறுபடி ஏற்றும் பொறுமை யாருக்கும் இராது.

நிலை எண்ணுக்கும் தரத்துக்கும் தொடர்பே இல்லை. எட்டிலும் பூஜ்யத்திலும் வெளிவரும் ஒலி ஒன்றேதான். எண் கூடக் கூட, சுருக்கும்போது கணினி இன்னும் நல்ல ஊகத்தைத் தேடி அதிக நேரம் எடுக்கும், அவ்வளவுதான். வழக்கமான 5-க்கும் 8-க்கும் அளவில் ஒரு சதவீதம் போல வித்தியாசம் வரலாம். சிடி டிரைவ் வட்டைப் படிக்கும் வேகத்தைப் பார்த்தால் 8-க்கு ஆகும் கூடுதல் நேரம் கண்ணிலேயே படாது, ஆகவே 8 வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். ஃப்ளாக்கில் பிளேயர் காட்டும் பிட்ரேட் (விநாடிக்கு எத்தனை பிட் என்ற எண்; கேபிபிஎஸ் என்றால் ஆயிரம் பிட்) தரத்தின் அளவுகோல் அல்ல. 1960-களின் மோனோ பாட்டு ஒன்று சிடியில் இரண்டு சேனலிலும் அச்சு அசலாக ஒரே ஒலியாக இருந்தால், ஃப்ளாக் இரண்டாவது சேனலுக்கு ஏறக்குறைய இடமே எடுக்காது. 400 கேபிபிஎஸ் என்று காட்டும். சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி மாஸ்டர் செய்த இன்றைய பாட்டு 1000-ஐத் தாண்டும். முதலாவது மட்டம், இரண்டாவது உசத்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் தேர்வுக்கு அளவு முக்கியக் காரணமே அல்ல. ஒவ்வொரு ஃப்ளாக் கோப்பின் தலைப்பிலும் சுருக்குவதற்கு முந்தைய ஒலியின் எம்டி5 கைரேகை (ஒலி எண்களிலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) பதிந்திருக்கும். துண்டுக்குத் துண்டு தனிச் சரிபார்ப்பு எண்ணும் உண்டு. பத்து வருடம் கழித்து ஹார்ட் டிஸ்க் பழுதாகத் தொடங்கினால் எந்தப் பாட்டு கெட்டிருக்கிறது என்று கோப்பே சொல்லிவிடும். ஒரு துண்டு கெட்டாலும் பத்தில் ஒரு விநாடி அளவு ஒலிதான் போகும், மற்றவை பிழைக்கும். வேவில் இப்படி எதுவும் கிடையாது. கெட்டுப்போனால் ஒரு "டக்" சத்தம் கேட்கும்போதுதான் தெரியும். வருடம் ஒருமுறை ஃபூபாரின் வெரிஃபை இன்டெக்ரிட்டி வசதியை முழுத் தொகுப்பின் மீதும் ஓடவிடுங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். பழுதான கோப்பைக் காட்டினால் இரண்டாவது டிஸ்கிலிருந்து எடுத்து வையுங்கள்.

கேள்வி: வீட்டில் எல்லாமே ஆப்பிள் சாதனங்கள். மியூசிக் செயலி ஃப்ளாக்கை ஏற்க மறுக்கிறது. ஏலாக்குக்கு மாற்றினால் தரம் குறையுமா? (வாசகர், சென்னை)

குறையாது. ஆப்பிள் 2004-இல் கொண்டுவந்த ஏலாக்கும் இழப்பற்றதுதான். 2011-இல் அதன் மூலநிரலை வெளியிட்டுவிட்டதால் பிற நிரல்களும் தாராளமாகப் படிக்கின்றன. மேக்கில் எக்ஸ்எல்டி, விண்டோஸில் ஃபூபார் அல்லது ஃப்ரீஏசி என்ற இலவச நிரல்களால் மொத்தமாக மாற்றலாம், டேக்குகளும் கூடவே வரும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஏலாக்குக்கும் இழப்புள்ள ஏஏசிக்கும் கோப்பின் பின்னொட்டு ஒன்றேதான்: எம்4ஏ. பெயரைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. மியூசிக் செயலியில் சிடி ஏற்றும்போது இம்போர்ட் செட்டிங்ஸில் ஆப்பிள் லாஸ்லெஸ் என்று மாற்றாவிட்டால் ஏஏசியாகத்தான் ஏறும். இதைக் கவனிக்காமல் அலமாரி முழுவதையும் ஏற்றி முடித்துவிட்டால் திரும்ப முதலிலிருந்துதான். ஏற்றிய ஒரு பாட்டின் தகவல் பக்கத்தைத் திறந்து, வகை என்ன என்று முதல் சிடியிலேயே பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடப் பாட்டு 30 மெகாபைட் அருகில் இருந்தால் ஏலாக், 10 மெகாபைட் போல இருந்தால் ஏஏசி.

இரண்டாவது, ஏலாக் கோப்புக்குள் எம்டி5 கைரேகை கிடையாது. அதனால் மூலத் தொகுப்பை ஃப்ளாக்காகவே ஒரு டிஸ்கில் வைத்துக்கொண்டு, ஐபோனுக்குப் போகும் பிரதியை மட்டும் ஏலாக்காக மாற்றுவது நல்லது. எப்போது வேண்டுமானாலும் முன்னும் பின்னும் மாற்றலாம், இழப்பு இல்லை.

கேள்வி: பழைய தொகுப்பு ஒன்று ஏப் கோப்பும் கியூ கோப்புமாக இருக்கிறது. போனில் ஓட்டினால் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது. (வாசகர், ஈரோடு)

ஏப் என்பது மங்கீஸ் ஆடியோ என்ற இழப்பற்ற வகை; கியூ கோப்பு, அதில் எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல். ஃப்ளாக்கைவிட ஓரிரு சதவீதம், சில நேரம் அதற்கு மேலும் சிறிதாகச் சுருக்கும். ஆனால் சுருக்க எவ்வளவு உழைப்போ, விரித்துப் பாட வைக்கவும் ஏறக்குறைய அவ்வளவு உழைப்பு. எக்ஸ்ட்ரா ஹை, இன்சேன் என்ற நிலைகளில் சுருக்கியிருந்தால் போன் திணறும். ஃப்ளாக்கில் விரிக்கும் வேலை எந்த நிலையிலும் லேசு.

கியூ கோப்பை ஃபூபாரில் திறந்தால் முழு வட்டும் பாட்டு பாட்டாகப் பிரிந்து தெரியும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்வர்ட் கொடுத்து ஃப்ளாக் 8 என்று வையுங்கள். பெயர்கள் கேள்விக்குறியாகவோ கிறுக்கலாகவோ தெரிந்தால் கியூ கோப்பை நோட்பேடில் திறந்து யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் குறியீட்டு முறை) ஆகச் சேமித்துவிட்டு மறுபடி திறக்கவும். பிட்-கம்பேர் செய்து முடித்த பிறகே பழையதை அழிக்க வேண்டும்.

கேள்வி: பாட்டின் பெயர், பாடகர், இசையமைப்பாளர் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதி வைக்க ஆசை. சில கோப்பில் கட்டம் கட்டமாக வருகிறது, சில கோப்பை வீட்டு நாஸ் பெட்டியில் (வீட்டு வலையமைப்பில் பொதுவாக வைத்த சேமிப்புப் பெட்டி) நகல் எடுக்கவே முடியவில்லை. (வாசகி, யாழ்ப்பாணம்)

நல்ல ஆசை. அதற்கு ஏற்ற வகையும் ஃப்ளாக்தான். அதன் டேக்குகள் யுடிஎஃப்-8-இல் மட்டுமே எழுதப்பட வேண்டும் என்பது விதி, எனவே தமிழ் எழுத்துரு உள்ள எந்தப் பிளேயரிலும் தமிழ் தமிழாகவே வரும். வேவின் பழைய வகைத் தகவல் பகுதியில் எந்த எழுத்துமுறை என்று குறிப்பிட வழியில்லை; ஒரு நிரல் ஒரு மாதிரி எழுதும், இன்னொன்று வேறு மாதிரி படிக்கும். அதனால்தான் கேள்விக்குறிகள். எம்பி3 கோப்புகளில் வரும் ஐடி3 டேக்கிலும் முதல் பதிப்புக்குத் தமிழ் தெரியாது. எம்பி3 கோப்புகள் இருந்தால் ஐடி3 2.3 என்று வைத்து எழுதுங்கள். யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் திஸ்கி எழுத்துருவில் எழுதப்பட்ட டேக்குகள் லத்தீன் கிறுக்கலாகத் தெரியும். அவற்றை எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக்கி எழுத வேண்டியதுதான்.

கட்டம் கட்டமாக வருவது கதையே வேறு. டேக் சரியாக இருக்கும், அந்தச் சாதனத்தில் தமிழ் எழுத்துரு இராது. கார் ஸ்டீரியோக்களில் இது சகஜம். காருக்குப் போகும் பென்டிரைவுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் ஒரு பிரதி எடுங்கள்.

நாஸ் பெட்டி மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கோப்புப் பெயரின் நீளம். பல பெட்டிகள் லினக்ஸின் கோப்பு முறைகளில் ஓடுகின்றன; அங்கே ஒரு பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, அதன் மேலுள்ள குறிக்கு ஒன்று என்று தனித்தனிக் கணக்கு. "பாலசுப்ரமணியம்" நம் கண்ணுக்கு 9 எழுத்து. கணினிக்கு 14 குறியீடு, 42 பைட். ஆக மொத்தம் 85 குறியீட்டுக்குள் பெயர் முடிய வேண்டும். படம், பாட்டு, நான்கு பாடகர், கவிஞர் என்று எல்லாவற்றையும் கோப்புப் பெயரில் அடுக்கினால் நிச்சயம் தாண்டும். விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறியீட்டை எண்ணுவதால் அங்கே தகராறு வராது, நகல் எடுக்கும்போதுதான் வெடிக்கும். கோப்புப் பெயரில் வரிசை எண்ணும் பாட்டின் முதல் வரியும் போதும். மற்ற எல்லாம் டேக்குக்குள் போகட்டும், அங்கே இந்த வரம்பு இல்லை.

பழைய மேக் டிஸ்க் இருந்தால் இன்னொரு சிக்கல். அதன் ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறை, "கொ" போன்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு குறியீடாக வைத்துக்கொள்ளும். பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும், ஆனால் வேறு கணினியில் தட்டச்சு செய்து தேடினால் சிக்காமல் போகலாம். ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகளும் முளைக்கலாம். முன்பு சொன்ன 85 குறியீட்டு வரம்பிலும் இது கூடுதல் இடம் பிடிக்கும்.

டேக் எழுத எம்பி3டேக் நிரல் வசதியானது. ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயர், ஆல்பம் ஆர்டிஸ்ட் என்ற இடத்தில் இசையமைப்பாளர், ஆர்டிஸ்ட் என்ற இடத்தில் பாடகர்கள். பாடலாசிரியருக்கு லிரிசிஸ்ட் என்று தனிப் புலம் சேர்த்துக்கொள்ளலாம். ஜோடிப் பாட்டில் இரு பெயரையும் காற்புள்ளியால் சேர்க்காமல், இடையில் இரண்டு பின்சாய்கோடு இட்டால் இரண்டும் தனித்தனி மதிப்பாகப் பதியும். அப்போதுதான் பி. சுசீலா என்று தேடினால் ஜோடிப் பாட்டும் சேர்ந்து வரும். முதலெழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடுவதா வேண்டாமா என்று இன்றே முடிவு செய்யுங்கள். "டி.எம். சௌந்தரராஜன்", "டி. எம். சௌந்தரராஜன்" இரண்டும் கணினிக்கு வெவ்வேறு பாடகர்கள்.

கேள்வி: சிடியைக் கணினியில் போட்டு அப்படியே காப்பி செய்தால் போதாதா? ரிப் செய்ய (சிடியின் ஒலியைப் படித்துக் கோப்பாக்க) ஏன் தனி நிரல்? (வாசகர், மதுரை)

ஆடியோ சிடியில் கோப்புகளே இல்லை. எக்ஸ்ப்ளோரரில் தெரியும் 44 பைட் கோப்புகள் பாட்டு எங்கே தொடங்குகிறது என்பதற்கான குறிப்புகள். அவற்றை நகல் எடுத்தால் பாட்டு வராது. டேட்டா சிடியில் இருக்கும் கூடுதல் அடுக்குப் பிழைதிருத்தமும் ஆடியோ சிடியில் கிடையாது. கீறல் விழுந்த இடத்தில் டிரைவ் தனக்குத் தெரிந்த அண்டை மாதிரிகளை வைத்து இட்டுநிரப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். பிழை என்று சொல்லாது. தொகுப்பின் தரம் உண்மையில் இங்கேதான் முடிவாகிறது. கோப்பு வகையைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள்.

விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி. செக்யூர் மோடு தேர்ந்தெடுக்கவும். டிரைவ் ஒலியைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறதா என்று சோதித்து, வைத்துக்கொண்டால் அந்தப் பெட்டியில் டிக் போடவும். இல்லாவிட்டால் இரண்டாம் முறை படிப்பது வட்டிலிருந்து வராமல் நினைவகத்திலிருந்தே வரும், பிழை ஒளிந்துகொள்ளும். எந்த இடத்தைச் சரியாகப் படிக்க முடியவில்லை என்று டிரைவ் சொல்லும் சி2 பிழைத் தகவலை எல்லா டிரைவும் நேர்மையாகத் தருவதில்லை, சந்தேகமிருந்தால் அணைத்துவிடுங்கள். அடுத்து டிரைவின் ஆஃப்செட்: ஒவ்வொரு மாடலும் சில மாதிரிகள் முன்பின்னாகப் படிக்கும், 6, 102, 667 போன்ற எண்கள் அடிக்கடி வரும். பலர் எடுத்த ரிப்புகளின் சரிபார்ப்பு எண்களைத் திரட்டி வைத்திருக்கும் அக்யூரேட்ரிப் வசதியை இயக்கி, அதன் தரவுத்தொகுப்பில் உள்ள ஒரு பிரபலமான சிடியைப் போட்டால் எண்ணைத் தானே கண்டுபிடித்துவிடும்.

பிறகு டெஸ்ட் அண்ட் காப்பி. ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை படித்து இரண்டு சிஆர்சி (சரிபார்ப்பு) எண்ணைத் தரும். உங்கள் சிடி அக்யூரேட்ரிப்பில் இருந்தால், உலகில் வேறு யாரோ எடுத்ததோடு ஒத்துப்போகிறதா என்றும் சொல்லும். அங்கே இல்லாத சிடியானால் இரண்டு சிஆர்சியும் ஒன்றாக இருப்பதே உங்கள் சான்று. மாறினால் வட்டை ஒரு சொட்டு பாத்திர சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் அந்தத் திசையிலேயே விழும் கீறலை டிரைவால் சமாளிக்க முடியாது. வேகத்தைக் குறைத்து, முடிந்தால் வேறொரு டிரைவில் முயலுங்கள். ரிப் எப்படி நடந்தது என்று நிரல் எழுதித் தரும் லாக் கோப்பைப் பாட்டுகளோடு அதே கோப்புறையில் வைக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: இணையத்தில் ஃப்ளாக் என்று வாங்கிய பாட்டு உண்மையில் எம்பி3-யிலிருந்து மாற்றியதா என்று கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், கோலாலம்பூர்)

ஓரளவு. ஸ்பெக் என்ற சிறு நிரலில் கோப்பை இழுத்துப் போட்டால் அலைவரிசைப் படம் வரும். 128 கேபிபிஎஸ் எம்பி3-யிலிருந்து வந்தது பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் ஒட்டி, 320 ஆனால் 20 கிலோஹெர்ட்ஸ் ஒட்டி, கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோட்டில் நிற்கும். பழைய டேப்பிலிருந்து வந்த உண்மையான பதிவிலும் மேல் அலைவரிசை இராது, ஆனால் அங்கே படிப்படியாக மங்கும். வெட்டு வேறு, மங்கல் வேறு. 1970-களின் பாட்டில் 14 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இல்லையே என்று அவசரப்பட்டுக் குற்றம் சாட்டிவிடாதீர்கள்.

அந்தக் காலத்தில் கடைகளில் எம்பி3-யிலிருந்து எழுதிக் கொடுத்த ஆடியோ சிடிகளிலும் இதே வெட்டு தெரியும். அவற்றை எத்தனை கவனமாக ரிப் செய்தாலும் போனது வராது.

கேள்வி: ஃப்ளாக் கேட்க புளூடூத் ஹெட்போன் போதுமா? (வாசகி, சிங்கப்பூர்)

கேட்கலாம். ஆனால் புளூடூத் ஒலியை அனுப்பப் பயன்படுத்தும் எஸ்பிசி, ஏஏசி, எல்டாக் முறைகள் எல்லாமே வழியில் இழப்போடுதான் அனுப்புகின்றன. சிடியின் பிட் அப்படியே காதுக்கு வர வேண்டுமானால் கம்பி போட்ட ஹெட்போன்தான் நிச்சயமான வழி.

கேள்வி: யூஎஸ்பி டிஏசி (கணினியின் எண்களை ஒலியாக மாற்றும் பெட்டி) வாங்கினேன். எந்தப் பாட்டு போட்டாலும் அதன் திரையில் 48 கிலோஹெர்ட்ஸ் என்றே நிற்கிறது. (வாசகர், சேலம்)

விண்டோஸ் எல்லாச் செயலியின் ஒலியையும் கலந்து ஒரே வீதத்துக்கு மாற்றி அனுப்புகிறது. அந்த வீதம் 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்திருக்கிறது. சவுண்ட் செட்டிங்ஸில் அந்த டிஏசியின் பண்புகளைத் திறந்து ஃபார்மேட்டை 16 அல்லது 24 பிட், 44,100 என்று மாற்றினால் சிடிகளுக்குப் பொருந்தும். பாட்டுக்குப் பாட்டு தானே மாற வேண்டுமானால் ஃபூபாரின் அவுட்புட் பட்டியலில் எக்ஸ்க்ளூசிவ் என்று குறிப்பிட்ட டிஏசியைத் தேர்ந்தெடுங்கள். அது ஓடும்போது வேறு செயலியின் சத்தம் வராது, அது பழுதல்ல. மேக்கில் ஆடியோ மிடி செட்டப் என்ற நிரலில் கையால் மாற்ற வேண்டும்.

கேள்வி: கேசட்டுகளை ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலில் பதிவு செய்யப் போகிறேன். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வைக்கலாமா? (வாசகர், திருநெல்வேலி)

வேண்டாம். கேசட்டில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உருப்படியாக ஏதும் கிடைப்பது அரிது. 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். 24 பிட் மட்டும் அவசியம். அப்போதுதான் அளவைத் தாழ்வாக வைத்துப் பதிய முடியும். உச்ச சத்தம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டு வெட்டுப்பட்டதை எந்தக் கோப்பு வகையும் மீட்காது. பதிவதற்கு முன் ஹெட்டை ஆல்கஹாலால் துடைத்து, பாட்டு மிகக் கூர்மையாகக் கேட்கும் வரை, ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் அசிமத் திருகை மெல்லத் திருப்புங்கள். டால்பி பி என்ற இரைச்சல் குறைப்பு முறையில் பதிந்த கேசட்டானால் டெக்கிலும் அதையே போடுங்கள்.

ஆடாசிட்டி உள்ளுக்குள் 32 பிட் மிதவை எண்ணாக (தசமப் பகுதியும் கொண்ட எண்) வைத்துக்கொள்கிறது. ஃப்ளாக்கில் முழு எண் மட்டுமே உண்டு, எனவே எக்ஸ்போர்ட் செய்யும்போது 24 பிட் தேர்ந்தெடுக்கவும். மிதவை எண்ணையே காக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் வேவ்பேக் என்ற வகை அதைத் தாங்கும். வேவ் கோப்பாக நீண்ட நேரம் பதிய நினைத்தால் 4 ஜிபி எல்லை குறுக்கே வரும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் அது இரண்டு மணி நேரம் நான்கு நிமிடம். அதற்கு மேல் போனால் கோப்பு திறக்காமலே போகலாம்.

45 நிமிடப் பக்கம் 48 கிலோஹெர்ட்ஸில் சுருக்குவதற்கு முன் 780 மெகாபைட் அருகில் வரும். கேசட் இரைச்சல் இரு சேனலிலும் வேறு வேறாக இருப்பதால், மோனோ பாட்டானாலும் ஃப்ளாக் பாதியாகக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரைச்சல் நீக்கும் கருவியைத் தொடுவதற்கு முன், பதிந்ததை அப்படியே ஃப்ளாக்காகச் சேமித்துவிடுங்கள். நீக்கிய பிரதி தனிக் கோப்பாக இருக்கட்டும். பாட்டு பாட்டாகப் பிரிக்க, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் கன்ட்ரோலும் பி-யும் அழுத்தி லேபிள் வைத்து, எக்ஸ்போர்ட்டில் லேபிள் வாரியாகப் பல கோப்பு என்பதைத் தேர்ந்தெடுத்தால் லேபிளில் எழுதிய தமிழ்ப் பெயரிலேயே கோப்புகள் வந்துவிடும்.